பழைய வெளியிணைப்பு இயந்திரமும் அதன் பிடிவாதமும்

உழவனுக்கு எருது எப்படியோ, சிறு வள்ளத்திற் கடலுக்குச் செல்லும் தொழிலாளிக்கு வெளியிணைப்பு இயந்திரம் அப்படி. அது நோயுற்றால் வீடு முழுவதும் வாடும். அவ்வியந்திரம் பழையதாகும்போது இரண்டு குறைகள் அதனிடம் அடிக்கடி தோன்றுகின்றன. புறப்படும் வேளையில் எத்தனை தடவை கயிற்றை இழுத்தாலும் இயங்க மறுப்பது ஒன்று. வேகமாகச் செல்லும்போது நன்றாக ஓடி, வேகத்தைக் குறைத்தவுடன் இருமி நின்றுவிடுவது மற்றையது.

முதலாவது குறையால் ஒருநாள் உழைப்புக் கெடுகிறது. இரண்டாவது அதனிலும் கொடியது. வலையை இழுக்கும்போதும், முருகைக்கற் பாறைகளுக்கிடையேயுள்ள ஒடுங்கிய வழியாற் கரைக்குத் திரும்பும்போதும், முகத்துவாரத்தைக் கடக்கும்போதும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அவ்வேளையில் இயந்திரம் நின்றால் வள்ளம் அலைக்குத் தன் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த அலை அதனைக் கவிழ்த்துவிடவுங் கூடும்.

இக்குறைகளை இயந்திரத்தின் ராசியென்று சொல்லி ஆறுதலடைவோர் உளர். கண்ணிற் பட்ட திருகாணிகளையெல்லாம் திருகிப் பார்ப்போரும் உளர். இரண்டினாலும் பயனில்லை. குறைகளுக்கான காரணங்கள் சிலவே. அவற்றை எளியது முதலிலும் கடினமானது பின்னருமாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தேடினால், பெரும்பாலானவற்றை வாடியிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

வெளியிணைப்பு இயந்திரத்தின் வரலாறு நீண்டதன்று. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்றூட் என்பவர் 1909 ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரிலிருந்து தமது இயந்திரத்தை விற்பனைக்கு விட்டார். யப்பானின் யமஹா நிறுவனம் 1960 இல் இத்துறையிற் புகுந்தது. நெடுங்காலமாக இவ்வியந்திரங்களுட் பெரும்பாலானவை ஈரடிப்பு இயந்திரங்களாகவே இருந்தன. இவை உறுப்புக்கள் குறைந்தவை, பாரமும் விலையும் குறைந்தவை. ஆனால், உட்செல்லும் எண்ணெயில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறி நீரையும் காற்றையும் மாசுபடுத்தும். இதன் பொருட்டு அமெரிக்க அரசு 1996 இல் விதிகளை வகுத்து, 1998 முதல் 2006 வரை படிப்படியாக அவற்றைக் கடுமையாக்கியது. அதனால் காபரேற்றர் பூட்டிய ஈரடிப்பு இயந்திரங்கள் அந்நாட்டின் புதிய விற்பனையிலிருந்து மறைந்தன. இலங்கையின் கரையோரங்களிலோ அவை இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. புதியது வாங்கும் வசதியில்லாதவருக்குப் பழையதை நன்கறிந்து வைத்திருப்பதே வசதி.

எந்தப் பெற்றோல் இயந்திரமும் இயங்குவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். காற்றுடன் தக்க அளவிற் கலந்த எண்ணெய் ஒன்று. தக்க தருணத்திற் பாயும் மின்பொறி இரண்டாவது. அக்கலவையைச் சிலிண்டரினுள்ளே இறுக்கும் அமுக்கம் மூன்றாவது. இம்மூன்றும் இருந்தும் இயங்காத இயந்திரம் இல்லை. எனவே, இயங்க மறுக்கும் இயந்திரத்தின் முன்னே நின்று கேட்கவேண்டிய கேள்வி, 'இம்மூன்றில் எது வரவில்லை?' என்பதே.

மூடியைக் கழற்றுமுன் வெளியே பார்க்கவேண்டியவை சில உண்டு. நிறுத்தும் ஆளியோடு ஒரு பாதுகாப்புக் கயிறும் சேர்ந்திருந்தால், அதன் கொளுவி தன் இடத்தில் இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். அது விலகியிருந்தால் நாள் முழுவதும் இழுத்தாலும் பொறி பிறவாது. கியர் நடுநிலையில் இருக்கவேண்டும். எண்ணெய்த் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கவேண்டும். அது மூடியிருந்தால், எண்ணெய் வெளியேற வெளியேறத் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகும். இயந்திரம் சில நிமிடங்கள் ஓடிப் பின்னர் நிற்கும். இதனைப் பெருநோயென்று கருதி இயந்திரத்தைப் பழுது பார்ப்போரிடம் சுமந்து சென்றவர்கள் பலர்.

அடுத்துக் கவனிக்கவேண்டியது, தாங்கிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள குழாயிற் காணப்படும் றப்பர்க் குமிழ். அதன்மீதுள்ள அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியிருக்கவேண்டும். குமிழைக் கையால் அமுக்க அமுக்க அது படிப்படியாக இறுகவேண்டும். எவ்வளவு அமுக்கியும் இறுகாவிடில், தாங்கியில் எண்ணெய் இல்லை, அல்லது குழாயின் வெடிப்பினாலோ தளர்ந்த இணைப்பினாலோ காற்று உட்புகுகிறது, அல்லது குமிழின் உள்ளேயிருக்கும் வால்வு பழுதாகிவிட்டது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையிற் குமிழ் சப்பளிந்து போனால், தாங்கியின் பக்கத்தில் அடைப்புண்டு என்பது பொருள். இயந்திரம் நிற்கப் போகும் தருணத்திற் குமிழை அமுக்கினால் மீண்டும் உயிர்பெறுமாயின், குற்றம் எண்ணெய்ப் பம்பினுடையதாகவோ காற்றுப் புகும் குழாயினுடையதாகவோ இருக்கும். எண்ணெய்ப் பம்பினுள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. இயந்திரத்தின் உள்ளமுக்கம் ஏறி இறங்குவதற்கேற்ப அது துடித்து எண்ணெயை இழுக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சவ்வு விறைத்து வெடிக்கும்.

இவை யாவும் சரியாயிருந்தும் இயந்திரம் இயங்காவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். சிலிண்டரினுள்ளே நடந்ததை வெளியே வந்து கூறும் சாட்சி அதுவே. பல தடவை இழுத்த பின்னரும் பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. எண்ணெயில் நனைந்திருந்தால் எண்ணெய் வந்துள்ளது. பொறியில்லை, அல்லது எண்ணெய் அளவுக்கு மிஞ்சிவிட்டது. கரி படர்ந்து கறுத்திருந்தால் கலவையில் எண்ணெய் மிகுதி. முனை வெளுத்திருந்தாற் காற்று மிகுதி; அப்படி ஓடும் இயந்திரம் அளவுக்கு மேற் சூடேறிப் பிஸ்டனையே இழக்கக்கூடும். இளங்கபில நிறம் நலத்தின் அடையாளம். இந்த ஒரு சோதனையினால், தேடவேண்டிய இடம் எண்ணெயின் வழியா, மின்னின் வழியா என்பது தெளிவாகிவிடும். இதனைச் செய்யாது காபரேற்றரைக் கழற்றத் தொடங்குவது, நாடி பாராது மருந்து கொடுப்பதை ஒக்கும்.

பொறியைச் சோதிக்கும்போது மிக்க அவதானம் தேவை. முதலிற் சிந்திய எண்ணெயைத் துடைத்து, தாங்கியை அப்பால் வைத்து, ஆவி கலையும்வரை பொறுத்திருக்கவேண்டும். கழற்றிய பிளக்கை அதன் வயரிற் பூட்டி, பிளக்கின் உலோக உடல் இயந்திரத்தின் உலோகத்தோடு நன்றாகத் தொடும்படி, பிளக் துளையினின்றும் விலக்கி வைத்துக் கயிற்றை இழுக்கவேண்டும். வெறுங்கையாற் பிடித்தல் கூடாது. பிடி உறையிட்ட குறட்டையே பயன்படுத்தவேண்டும். இரண்டு சிலிண்டர்கள் உள்ள இயந்திரத்தில் இரு பிளக்குகளையும் இவ்வாறே வைக்கவேண்டும். வயரை எங்கும் தொடாது அந்தரத்தில் விட்டு இழுத்தாற் சில இயந்திரங்களின் மின்பகுதிகள் பழுதடையும். நீலநிறத்திற் பளிச்சென்று பாயும் பொறி நல்லது. மஞ்சள் நிறத்தில் மெலிந்து தோன்றுவது, வெளியிலே தெரிந்தாலும் சிலிண்டரின் அமுக்கத்தில் அணைந்துவிடக்கூடியது.

பொறி இல்லையாயின் முதலிற் புதிய பிளக்கொன்றைப் போட்டுப் பார்க்கவேண்டும். அதற்கும் வராவிட்டால் நிறுத்தும் ஆளியின் வயரை ஆராய்தல் தகும். உப்புக்காற்றில் அதன் உறை உரிந்து உலோகத்தைத் தொட்டால், நிறுத்தாமலே இயந்திரம் நிறுத்தப்பட்டதாகிவிடும். மிகப் பழைய இயந்திரங்களில் மேலேயுள்ள பிளைவீலின் கீழே 'பொயின்ற்' என்னும் தொடுமுனைகள் இருக்கும். மாதக்கணக்கிற் கிடந்த இயந்திரத்தில் அம்முனைகளின்மீது மெல்லிய பாசிபோன்ற படிவு உண்டாகி மின்னைத் தடுக்கும். அதனைத் துடைத்து, இயந்திர நூலிற் கூறிய இடைவெளிக்குச் சரிசெய்தாற் பொறி மீளும்.

எண்ணெய் மிஞ்சிய இயந்திரத்துக்குச் செய்யவேண்டியது எளிது. எண்ணெய்க் குழாயைக் கழற்றி, பிளக்குகளையும் கழற்றி, பொறி பிறவாதபடி பாதுகாப்புக் கயிற்றின் கொளுவியையும் எடுத்துவிடவேண்டும். பிளக் வயர்களை உலோகத்தோடு தொடுத்து வைக்கவேண்டும். பின்னர்ச் சோக்கை முழுவதும் திறந்து, வேகப்பிடியையும் திறந்து, கயிற்றைப் பல தடவை இழுத்தால் மிஞ்சிய எண்ணெய் வெளியேறும். காய்ந்த பிளக்குகளைப் பூட்டி, சோக் இன்றியே மீண்டும் முயலலாம். இயங்காத ஒவ்வொரு தடவையும் சோக்கை இழுப்பது, விக்கலெடுப்பவன் வாயில் மேலும் சோற்றைத் திணிப்பதாகும்.

இலங்கைக் கரைகளிற் பெரிதும் பயன்படும் மண்ணெண்ணெய் இயந்திரத்துக்குத் தனியான ஒரு நோயுண்டு. அதனை விளங்கிக்கொள்வதற்குப் பழைய பெற்றோமக்ஸ் விளக்கை நினைத்தாற் போதும். அவ்விளக்கின் குழாயை முதலில் ஸ்பிரிற்று ஊற்றிச் சூடாக்குவர். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் ஆவியாகி ஒளிதரும். சூடாக்காது பம்பினால் விளக்கு எண்ணெயைக் கக்கி ஓங்கி எரியும். பெற்றோல் கடுங்குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தருவது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை சென்ரிகிறேட்டுக்கு மேற் சூடேறினாலன்றி அத்தகைய ஆவியைப் போதிய அளவிற் தராது. ஆகவேதான் மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள்.

இதுவரை அறிந்தோர் பலர். இதன் மறுபாதியையே பலர் மறந்துவிடுகின்றனர். கரையை அடையுமுன், இயந்திரத்தை மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பின்னரே நிறுத்தவேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினாற் காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் மண்ணெண்ணெயால் நிறைந்திருக்கும். மறுநாள் விடியலிற் குளிர்ந்த இயந்திரம் அதனையே முதலில் உண்ணவேண்டியிருக்கும். பெற்றோலின் திருகைத் திறந்தும் இயந்திரம் இயங்காமைக்குக் காரணம் இதுவே. முதல்நாள் மாலையில் மிச்சம் பிடித்த சிறிதளவு பெற்றோலுக்காக மறுநாட் காலையில் ஒரு பிளக்கையும் ஒருநாட் பிடிபாட்டையும் இழக்க நேருகிறது. 2022 ஆகஸ்டில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. அத்தகைய காலத்தில் எண்ணெயைச் சிக்கனப்படுத்த விரும்புவது இயல்பே. ஆனால் இது சிக்கனம் செய்யும் இடமன்று.

இனி இரண்டாவது குறையைப் பார்ப்போம். சுமையின்றி அல்லது சிறு சுமையுடன் மெதுவாக ஓடுவதை மந்தவோட்டம் எனலாம். முழுவேகத்தில் நன்றாக ஓடும் இயந்திரம் மந்தவோட்டத்தில் ஏன் நிற்கிறது? காபரேற்றரினுள் எண்ணெய் செல்வதற்கு இரண்டு வழிகள் உண்டு என்பதே விடை. வேகமாக ஓடும்போது 'மெயின் ஜெற்' எனப்படும் பெரிய துளையால் எண்ணெய் செல்கிறது. வேகப்பிடியை மூடியதும் அவ்வழி ஏறக்குறைய ஓய்ந்துபோக, 'பைலற் ஜெற்' எனப்படும் மிக நுண்ணிய துளை ஒன்றே இயந்திரத்துக்கு உணவூட்டுகிறது. பெரிய வாய்க்காலிற் கிடக்கும் சருகு நீரைத் தடுப்பதில்லை. சிறு வாய்க்காலை அதே சருகு அடைத்துவிடும். எனவே, வேகத்திற் குறையின்றி ஓடி மந்தவோட்டத்தில் மட்டும் நிற்கும் இயந்திரத்தில் முதலிற் சந்தேகிக்கவேண்டியது அந்த நுண்துளையையே. சோக்கைச் சிறிது இழுத்துப் பிடித்தால் மட்டும் நிற்காமல் ஓடுகிறதென்றால் அச்சந்தேகம் வலுப்பெறும்.

அத்துளையை அடைப்பது பெரும்பாலும் பழைய எண்ணெயே. கிழக்குக் கரையில் வாடைக் காலத்திற் கடல் கொந்தளிக்கையில் வள்ளங்கள் வாரக்கணக்கிற் கரையிற் கிடக்கும். அப்போது காபரேற்றரில் எஞ்சிய பெற்றோல் ஆவியாகிப் போக, பிசின்போன்ற பொருள் படிந்துவிடும். ஈரடிப்பு இயந்திரத்தின் பெற்றோலில் ஒயிலும் கலந்திருப்பதால் அப்படிவு இன்னும் தடிக்கும். எண்ணெயிற் கலந்த நீரும் மற்றொரு பகை. சந்தேகமான எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சிறிதுநேரம் அசையாது வைத்தால் நீர் அடியிற் தங்கித் தனியே தெரியும்.

அடைபட்ட காபரேற்றரைக் கழற்றித் தக்க திரவத்தாற் கழுவி, எல்லாத் துளைகளிலும் காற்றை ஊதிச் சுத்தம் செய்யவேண்டும். பெற்றோமக்ஸ் நிப்பிளைக் குத்தும் ஊசியை நினைத்துக்கொண்டு கம்பியால் இத்துளைகளைக் குத்துதல் கூடாது. பித்தளையாலான ஜெற் மயிரளவு விரிந்தாலும் கலவையின் அளவு மாறிவிடும். பின்னர் எத்திருகாணியாலும் அதனைச் சரிசெய்ய முடியாது. கழற்றும்போது மிதவையின் உயரத்தையும் அதன் ஊசி வால்வையும் பார்த்துக்கொள்வது நன்று. ஊசி தேய்ந்திருந்தால் எண்ணெய் வழிந்து, மந்தவோட்டத்தில் இயந்திரம் திணறிப் புகைக்கும்.

சுத்தம் செய்த பின்னரே திருகாணிகளைத் தொடவேண்டும். பழைய இயந்திரங்களிற் பொதுவாக இரண்டு திருகாணிகள் உண்டு. ஒன்று கலவையைச் சரிசெய்வது. மற்றையது மந்தவோட்டத்தின் வேகத்தைச் சரிசெய்வது. கலவைத் திருகாணியை மெதுவாக உள்ளே திருகி, முட்டியவுடன் நிறுத்தவேண்டும். இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும். பின்னர் இயந்திர நூல் கூறும் அளவுக்கு வெளியே திருப்பவேண்டும். அந்நூல் கிடைக்காவிடில், பல இயந்திரங்களுக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வரை தொடக்க அளவாகும்.

இதன்பின் வள்ளத்தை ஆழங்குறைந்த அமைதியான நீரில் நன்றாகக் கட்டி, நீரில் ஆட்களில்லை என்பதை உறுதிசெய்து, இயந்திரத்தை இயக்கி நன்கு சூடாக்கவேண்டும். நீருக்கு வெளியே ஒருபோதும் இயக்குதல் ஆகாது. குளிர்நீர்ப் பம்பின் றப்பர்ச் சில்லு சில விநாடிகளிலே எரிந்து கெடத் தொடங்கும். இயந்திரத்தின் பக்கத்தில் நீர் பீச்சுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். சூடேறிய இயந்திரத்தை முன்கியரில் இட்டு, வேகத்தை முற்றாகக் குறைத்து, கலவைத் திருகாணியைச் சுற்றில் எட்டிலொரு பங்கு மட்டும் திருப்பிச் சிறிதுநேரம் காத்திருக்கவேண்டும். மாற்றத்தின் பயன் உடனே தெரியாது. பொறுமையற்றவர் தவறுவது இவ்விடத்திலே. காற்று மிஞ்சினால் இயந்திரம் காபரேற்றரின் வழியாகத் தும்மி நிற்கும். எண்ணெய் மிஞ்சினால் தடுமாறிப் புகைத்துக் கனத்து ஓடும். இரண்டுக்கும் இடையே சீராக ஓடும் நிலையைக் கண்டு, அதிலிருந்து சிறிதளவு எண்ணெய் கூடும் பக்கமாக விடவேண்டும். அப்பொழுதுதான் வேகப்பிடியைத் திடீரெனத் திறக்கும்போது இயந்திரம் தயங்காது. அலைக்கு முன்னே அத்தயக்கம் ஆபத்தானது. இறுதியாக, நிற்காமல் ஓடக்கூடிய ஆகக்குறைந்த வேகத்தை வேகத் திருகாணியால் நிலைநிறுத்தலாம்.

கலவைக் குற்றத்தை வேகத் திருகாணியால் மறைக்க முயல்வது பலரிடம் காணப்படும் வழக்கம். இயந்திரம் நின்றுவிடுகிறதே என்று மந்தவோட்டத்தின் வேகத்தை உயர்த்திவிடுவர். அப்போது கியரை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பற்சில்லுகள் மோதித் தேயும். இருபது நிமிட வேலைக்கு அஞ்சிக் கியர்ப்பெட்டியைப் பலிகொடுப்பது அறிவுடைமையன்று.

காபரேற்றர் சரியாயிருந்தும் மந்தவோட்டம் சீர்ப்படாவிட்டால், இரண்டு சிலிண்டர்களும் உழைக்கின்றனவா என்று அறியவேண்டும். ஒரு சிலிண்டர் உறங்கினும் வேகத்தில் இயந்திரம் ஓடிவிடும்; மந்தவோட்டத்திலோ நடுங்கி நிற்கும். சிலிண்டர்களின் அமுக்கத்தைக் கருவியால் அளந்து பார்த்தால், இரண்டுக்குமிடையே பத்திலொரு பங்குக்கு மேல் வேறுபாடு இருத்தல் ஆகாது. அமுக்கம் குறைந்த சிலிண்டருக்குப் பிளக்கும் திருகாணியும் மருந்தாகா. வளையங்களோ பிஸ்டனோ தேய்ந்திருக்கும். காபரேற்றருக்குப் பின்னாலுள்ள நாக்குத் தகடுகள் உடைந்தாலும், சுழற்றித் தண்டின் றப்பர் அடைப்புகள் தேய்ந்து காற்று புகுந்தாலும் மந்தவோட்டமே முதலிற் கெடும். இவ்விடத்தில் அனுபவமுள்ள இயந்திரத் தொழிலாளியை நாடுதலே முறை. இதுவரை செய்த சோதனைகளை அவரிடம் வரிசையாகச் சொன்னால் அவருடைய நேரமும் தொழிலாளியின் பணமும் மிஞ்சும்.

நோய் வராமற் காப்பதற்கு வேண்டியவை அதிகமில்லை. ஒயிலைக் கண்மட்டத்தில் ஊற்றாது அளந்து கலக்கவேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்று இயந்திர நூல் கூறினால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். இருபத்தைந்துக்கு ஒன்று என்று கூறினால் 40 மில்லிலீற்றர். கூடினாற் பிளக் கறுக்கும். குறைந்தாற் பிஸ்டன் இறுகும். தொழில் முடிந்ததும் நன்னீரால் உட்குழாய்களைக் கழுவுதல் நன்று. பல நாட்கள் ஓய்வு கொடுப்பதாயின், இயந்திரம் நீரில் நிற்கும்போதே எண்ணெய்க் குழாயைக் கழற்றி, அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டாற் காபரேற்றர் பெரும்பாலும் வெறுமையாகும். கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து எஞ்சியதையும் வடித்துவிடலாம்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, பயனைப் பார்த்த பின்னரே அடுத்ததைச் செய்யவேண்டும் என்பது இவ்வேலை முழுவதற்கும் பொதுவான விதி. பிளக்கையும் எண்ணெயையும் திருகாணியையும் ஒரே வேளையில் மாற்றியவர், இயந்திரம் இயங்கினாலும் எதனால் இயங்கிற்று என்பதை அறியார். மறுமுறை அதே நோய் வரும்போது அவர் மீண்டும் தொடக்கத்தில் நிற்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விஞ்ஞான பாடத்திற் கற்கும் முறையும் இதுவே.

எத்துணை கவனமாகப் பேணினாலும் பழைய இயந்திரம் பழைய இயந்திரமே. ஆதலால், உலர்ந்த தகரப் பேணியொன்றில் இரண்டு புதிய பிளக்குகளும் பிளக் சாவியும் ஒரு குறடும் மேலதிகப் புறப்படு கயிறும் எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும். துடுப்பும் நங்கூரமும் அவற்றோடு இருக்கட்டும். கடலில் இயந்திரம் நின்றவுடன் முதலிற் செய்யவேண்டியது கயிற்றை இழுப்பதன்று. ஆழம் இடந்தருமாயின் நங்கூரத்தை இட்டு, வள்ளத்தின் முகத்தை அலைக்கு நேராக நிறுத்தவேண்டும். அதன்பின் கொளுவி, காற்றுத் திருகு, குமிழ், பிளக் என்ற வரிசையிற் கையை வைக்கலாம்.